தெனாகானித்தாவும் மலேசியாவில் அந்நியத் தொழிலாளர், அகதிகள், பெண்கள் உரிமையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவுக்கு வேலைக்குப் போகிறவர்களும், கடன் வாங்கி அவர்களை அனுப்பிவைக்கும் வீட்டாரும், அங்கே ஆள் வைத்து வேலை வாங்குகிறவர்களும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை எழுதப்பட்டுள்ளது. இது தெனாகானித்தா வெளியிடும் பக்கம் அல்ல. அந்த அமைப்பு முப்பது ஆண்டுகளுக்கு மேல் போராடிவரும் களத்தைத் தமிழ் வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற எண்ணத்தில் எழுதப்பட்டது.

தெனாகானித்தா என்பது எந்த வகை அமைப்பு? அந்தப் பெயருக்கு என்ன பொருள்?

1991ஆம் ஆண்டு ஐரின் பெர்னாண்டஸ் தொடங்கிய, இலாப நோக்கமற்ற மனித உரிமை அமைப்பு இது. மலாய் மொழியில் 'தெனாகா' என்றால் ஆற்றல், 'வனித்தா' என்றால் பெண். இரண்டையும் இணைத்துச் சுருக்கியதுதான் தெனாகானித்தா. அந்த 'வனித்தா' வேறு யாருமல்ல, நம் பழைய செய்யுள்களில் வரும் 'வனிதை'யேதான். இரு மொழிகளுக்கும் சமஸ்கிருதத்திலிருந்து போன சொல். புலம்பெயர்ந்த தொழிலாளர்கள், அகதிகள், பெண்கள் ஆகியோரின் வழக்குகளை எடுத்து நடத்துவது, ஆள்கடத்தலிலிருந்து மீட்கப்பட்ட பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தங்க இடம் தருவது, சட்டத்தை மாற்றச் சொல்லி அரசிடம் வாதாடுவது ஆகிய மூன்றும் அதன் அன்றாடப் பணிகள்.

பெண்களுக்காகத் தொடங்கிய அமைப்பு எப்படி அந்நியத் தொழிலாளர்களிடம் வந்தது?

தோட்டங்கள் வழியாகத்தான் வந்தது. ஐரின் 1946இல் கெடா மாநிலத்தின் சுங்கைப் பட்டாணியில் பிறந்தவர். அவருடைய பெற்றோர் இந்தியாவிலிருந்து வந்து ரப்பர் தோட்டத்தில் வாழ்ந்தவர்கள். ஆசிரியர் வேலையை இளவயதிலேயே விட்டுவிட்டுத் தொழிலாளர்களை அமைப்பாகத் திரட்டும் பணிக்குப் போனார். மலேசியத் தோட்டங்களில் பூச்சிமருந்தும் களைக்கொல்லியும் தெளித்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அவர்களிலும் தமிழ்ப் பெண்கள் மிகுதி. முதுகில் தொட்டியைச் சுமந்து, கையுறை இல்லாமல் பாராகுவாட் என்னும் களைக்கொல்லியைத் தெளித்த அந்தப் பெண்களின் நகமும் தோலும் மூக்கும் என்ன ஆயின என்பதைத் தெனாகானித்தா ஆய்வு செய்து வெளியிட்டது. 2002இல் அரசு பாராகுவாட்டுக்குத் தடை அறிவித்தது, 2006இல் அதைத் தளர்த்தியது, கடைசியில் 2020 ஜனவரி முதல் முழுத் தடை வந்தது. இதற்கிடையில் தோட்டத் தமிழர்கள் நகரங்களுக்குப் பெயர, அவர்கள் விட்டுப்போன வேலைகளுக்கு இந்தோனேசியர்களும் வங்காளதேசிகளும் வந்து சேர்ந்தார்கள். தொட்டி அதேதான், சுமந்த முதுகு மாறியது. ஆகவே அமைப்பின் கவனமும் அந்த முதுகோடு சேர்ந்தே நகர்ந்தது.

1995 அறிக்கை என்று எல்லோரும் சொல்கிறார்களே, அதில் என்ன இருந்தது?

தெனாகானித்தா அப்போது செய்துகொண்டிருந்தது வேறொரு ஆய்வு: அந்நியத் தொழிலாளர்களிடையே எய்ட்ஸ் நோய் பற்றியது. முந்நூறுக்கும் மேற்பட்டவர்களைப் பேட்டி கண்டபோது, கேட்ட கேள்வியை விட்டுவிட்டு அவர்கள் வேறொன்றைச் சொல்லத் தொடங்கினார்கள். அனுமதி இல்லாதவர்களைப் பிடித்து அடைத்துவைக்கும் குடிநுழைவுத் தடுப்பு முகாம்களில் அடி, பசி, குடிநீர் இல்லாமை, மருத்துவம் இல்லாமை, பாலியல் கொடுமை ஆகியவற்றைத் தாங்கள் அனுபவித்ததாகவும் கண்டதாகவும் சொன்னார்கள். இதே காலத்தில் 'தி சன்' நாளிதழின் செய்தியாளர் ஸ்டீவன் கானும் அவருடைய குழுவினரும், செமினி தடுப்பு முகாமில் 59 பேர் இறந்திருப்பதையும், அவர்களில் பெரும்பாலோர் வங்காளதேசிகள் என்பதையும் கண்டறிந்தனர். நாளிதழ் அதை வெளியிட மறுத்தபோது, அந்தத் தகவல்கள் ஐரினிடம் வந்து சேர்ந்தன. முகாம்களின் இந்த நிலையைப் பற்றித் தெனாகானித்தா வெளியிட்டதே 1995 அறிக்கை.

அவர்கள் இறந்த நோய்களின் பெயரைச் சற்று நின்று பார்க்க வேண்டும்: டைபாய்டு, பெரிபெரி. டைபாய்டு அசுத்தமான நீராலும் உணவாலும் வருவது. பெரிபெரி, உணவில் பி1 வைட்டமின் இல்லாமல் போனால் வருவது. தீட்டிய வெள்ளை அரிசிச் சோற்றையே வாரக்கணக்கில், கூடப் பயறோ காயோ மீனோ இல்லாமல் தின்பவருக்குக் கால் வீங்கும், நடை தளரும், இதயம் ஓயும். ஒரு பிடி பயறு சேர்த்திருந்தால் வந்திருக்காத நோய் அது. தாய்லாந்து மரண ரயில்பாதைக்கு ஜப்பானியர் கொண்டுபோன மலாயாத் தமிழர்களைக் கொன்ற நோய்களில் அதுவும் ஒன்று என்பதால், மலேசியத் தமிழ்க் குடும்பங்களில் மூத்தவர்களுக்கு அந்தப் பெயர் புதிதல்ல. ஐம்பது ஆண்டு கழித்து, பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரங்கள் எழும்பிக்கொண்டிருந்த கோலாலம்பூருக்குப் பக்கத்திலேயே அது திரும்பி வந்திருந்தது.

அந்த அறிக்கையை எழுதியதற்காக ஐரின் சிறைக்குப் போனாரா?

தண்டனை விதிக்கப்பட்டது, ஆனால் மேல்முறையீட்டை முன்னிட்டுப் பிணையில் வெளியே இருந்தார். 1996 மார்ச் மாதத்தில் அவரைக் கைது செய்து, 1984ஆம் ஆண்டின் அச்சகங்கள், வெளியீடுகள் சட்டத்தின் கீழ், தீய நோக்கத்தோடு பொய்ச் செய்தி வெளியிட்டதாகக் குற்றம் சாட்டினார்கள். வழக்கு ஏழாண்டு நடந்தது. 2003 அக்டோபரில் ஓராண்டுச் சிறைத் தண்டனை அறிவிக்கப்பட்டது. அவருடைய கடப்பிதழ் (பாஸ்போர்ட்) நீதிமன்றத்தின் பிடியில் இருந்தது. தண்டனை பெற்றவர் என்பதால் 2004 தேர்தலில் நிற்க முடியவில்லை. 2005இல் 'மாற்று நோபல்' எனப்படும் ரைட் லைவ்லிஹுட் விருது அவருக்குக் கிடைத்தபோதும் வழக்கு முடியவில்லை. 2008 நவம்பர் 24 அன்று உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது. கைது செய்யப்பட்ட நாளிலிருந்து கணக்கிட்டால் பன்னிரண்டரை ஆண்டுகள். 2014 மார்ச் 31 அன்று அவர் காலமானார்.

முகாம்களில் நடந்ததற்காக அந்தப் பன்னிரண்டரை ஆண்டுகள் நீதிமன்றத்தில் நின்றவர் அதை எழுதியவர்தான் என்பதை இங்கே குறிப்பிடாமல் விட முடியவில்லை.

'சட்டவிரோதக் குடியேறி' என்கிறார்களே, அவர்கள் எல்லோரும் திருட்டுத்தனமாக வந்தவர்கள்தானே?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு விடையைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால், இதைப் படியுங்கள். எல்லை தாண்டி ஒளிந்து வந்தவர்கள் உண்டு. ஆனால் முறையாக விமானத்தில் வந்து, விரல்ரேகை வைத்து, மருத்துவப் பரிசோதனையில் தேறி, பெர்மிட் வாங்கியவரே ஆண்டுக்குள் 'சட்டவிரோதம்' ஆகிவிடுவது மலேசியாவில் சர்வ சாதாரணம். காரணம், தற்காலிக வேலை அனுமதி தொழிலாளியின் பெயரில் இருந்தாலும் அதன் கடிவாளம் முதலாளியின் கையில் இருக்கிறது. அனுமதி ஒரு முதலாளிக்கும் ஒரு தொழில்துறைக்கும் மட்டுமே செல்லும். ஆண்டுதோறும் முதலாளிதான் புதுப்பிக்க வேண்டும். அவர் புதுப்பிக்க மறந்தாலும், பணம் மிச்சம் பிடிக்கப் புதுப்பிக்காமல் விட்டாலும், ஆளை வேறொரு இடத்துக்கு அனுப்பினாலும், 'ஓடிப்போய்விட்டான்' என்று ஒரு புகார் கொடுத்தாலும், குற்றவாளி ஆகிறவர் தொழிலாளி.

ஓர் உணவகத்தில் வேலைக்கு வந்தவரை எடுத்துக்கொள்வோம். ஒப்பந்தத்தில் ஒரு கடையின் பெயர் இருக்கும். முதலாளிக்கு மூன்று கடைகள் இருக்கும். இரண்டாவது கடையில் பரோட்டா போட நிற்கும்போது சோதனை வந்தால், பெர்மிட்டில் உள்ள முகவரிக்கும் அவர் நிற்கும் அடுப்புக்கும் பொருத்தம் இல்லை என்பதே அவரைப் பிடித்துப்போகப் போதும். 1959/63 குடிநுழைவுச் சட்டத்தின் 6ஆம் பிரிவின் கீழ், செல்லத்தக்க அனுமதி இல்லாமல் நாட்டுக்குள் வந்தவருக்குப் பத்தாயிரம் ரிங்கிட் வரை அபராதம், ஐந்தாண்டு வரை சிறை, ஆறு வரை பிரம்படி விதிக்கலாம். பிரம்படி பெண்களுக்கு இல்லை. ஆனால் பெண்களுக்கு வேறொரு கண்ணி இருக்கிறது: அனுமதியில் இருக்கும் பெண் தொழிலாளி கர்ப்பமானால், மருத்துவப் பரிசோதனையில் அது தெரிந்தவுடன் அனுமதி போய்விடும், ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். அதற்கு அஞ்சித் தங்குமிடத்திலிருந்து வெளியேறி மறைந்து வாழ்பவர்களும் கணக்கில் 'ஓடிப்போனவர்கள்'தான்.

கடப்பிதழை முதலாளி வாங்கி வைத்துக்கொள்ளலாமா?

கூடாது. 1966 கடப்பிதழ்ச் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி, சட்டப்படியான அதிகாரம் இல்லாமல் பிறருக்கு வழங்கப்பட்ட கடப்பிதழைத் தன்வசம் வைத்திருப்பது குற்றம். 'பத்திரமாக இருக்கட்டும் என்று வாங்கி வைத்தேன்' என்பதுதான் எல்லா முதலாளிகளும் சொல்லும் விளக்கம். பத்திரம் என்றால் சாவி தொழிலாளியிடம் இருக்க வேண்டும். பூட்டிய பெட்டி ஆளுக்கு ஒன்றாகத் தங்குமிடத்தில் வைத்துக் கொடுத்தால் போதும். கல்லாப்பெட்டிக்கு அடியில் ரப்பர் வளையம் போட்டுக் கட்டி வைத்திருப்பதைப் பத்திரம் என்று சொல்ல முடியாது. சட்டம் இருந்தும் இந்தப் பழக்கம் ஏன் ஒழியவில்லை என்றால், அரசே ஒரு காலத்தில் அதற்கு இடம் கொடுத்தது: 2006இல் இந்தோனேசியாவோடு செய்துகொண்ட ஒப்பந்தம் வீட்டுப் பணிப்பெண்களின் கடப்பிதழை முதலாளி வைத்திருக்க அனுமதித்தது. 2011இல்தான் அது திருத்தப்பட்டது.

சம்பளம் தராவிட்டால் எங்கே முறையிடுவது?

மனிதவள அமைச்சின் கீழ் உள்ள ஆள்பல இலாகாவில், அதாவது தொழிலாளர் துறையில், முறையிடலாம். 1955 வேலைச் சட்டம் உள்ளூரார், வெளிநாட்டார் என்று பிரிக்கவில்லை. இலாகா விசாரித்துத் தீர்ப்பளிக்கும், வழக்கறிஞர் வைத்தாக வேண்டும் என்பதும் இல்லை. குறைந்தபட்ச ஊதியம் 2022 மே மாதத்திலிருந்து மாதம் 1,500 ரிங்கிட்டாக இருந்தது. 2025இல் 1,700 ஆக உயர்த்தப்பட்டது. வேலையில் காயம் பட்டால் 2019 ஜனவரி முதல் அந்நியத் தொழிலாளருக்கும் சொக்சோ எனப்படும் சமூகப் பாதுகாப்பு அமைப்பின் பாதுகாப்பு உண்டு.

ஏட்டில் இவ்வளவும் இருக்கிறது. நடைமுறையில் என்ன நடக்கிறது என்றால், புகார் கொடுத்த செய்தி தெரிந்தவுடன் முதலாளி அனுமதியை ரத்து செய்துவிடுகிறார். அதன் பிறகு வழக்கு முடியும்வரை நாட்டில் இருக்க வேண்டுமானால் 'ஸ்பெஷல் பாஸ்' எடுக்க வேண்டும். அது மாதத்துக்கு நூறு ரிங்கிட். மாதாமாதம் போய்க் கேட்டு வாங்க வேண்டும். அதை வைத்துக்கொண்டு வேலை செய்யக் கூடாது. சம்பளம் வராததால் வழக்குப் போட்ட மனிதர், சம்பாதிக்க வழியில்லாமல் மாதம் நூறு கட்டிக்கொண்டு, ஊரில் வட்டிக்காரனுக்குப் பதில் சொல்லிக்கொண்டு எத்தனை மாதம் தாக்குப்பிடிப்பார்? பாக்கியில் பாதிக்கும் பாதியை வாங்கிக்கொண்டு விமானம் ஏறிவிடுவார். தெனாகானித்தா போன்ற அமைப்புகள் நீண்ட காலமாகக் கேட்டுவருவது இதைத்தான்: வழக்கு நடக்கும் வரை தங்கவும் வேலை செய்யவும் உரிமை கொடுங்கள்.

வீட்டுப் பணிப்பெண்களின் நிலை ஏன் தனியாகப் பேசப்படுகிறது?

சட்டம் அவர்களைத் தனியாக வைத்திருப்பதால். வேலைச் சட்டத்தில் நீண்ட காலம் 'வீட்டு வேலையாள்' என்ற ஒரு பழைய பிரித்தானியச் சொல்லால் அவர்கள் குறிக்கப்பட்டார்கள். 2023 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த திருத்தத்தில் அந்தச் சொல் 'வீட்டுப் பணியாளர்' என மாறியது. சொல் மாறினாலும் வேலை நேரம், விடுமுறை நாள் முதலிய பகுதிகளிலிருந்தும் குறைந்தபட்ச ஊதியத்திலிருந்தும் அவர்கள் இன்னும் விலக்கியே வைக்கப்பட்டிருக்கிறார்கள். வீட்டுப் பணியாளர்களுக்கான 2011ஆம் ஆண்டின் அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பு உடன்படிக்கையை மலேசியா ஏற்கவில்லை.

வாரத்தில் ஒரு நாள் விடுமுறை என்பது சிறிய கோரிக்கையாகத் தோன்றலாம். தொழிற்சாலையில் அடி விழுந்தால் பக்கத்தில் நிற்பவர் பார்ப்பார். வீட்டுக்குள் விழுந்தால் பார்ப்பதற்கு யாரும் இல்லை. அந்தப் பெண் வெளியே வரும் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான், அவள் கையிலுள்ள இஸ்திரிப்பெட்டிச் சூட்டை வேறொரு கண் பார்க்கக் கிடைக்கும் ஒரே வாய்ப்பு. கொடுமைச் செய்திகள் பெருகியதால் இந்தோனேசியா 2009 முதல் 2011 வரை மலேசியாவுக்குப் பணிப்பெண்களை அனுப்புவதை நிறுத்தியது. 2011இல் கம்போடியாவும் நிறுத்தியது. அப்போது நாளிதழ்களில் வந்த கவலையெல்லாம் 'வேலைக்கு ஆள் கிடைக்கவில்லையே' என்பதைப் பற்றித்தான் இருந்தது.

அகதிகளுக்கு மலேசியாவில் என்ன உரிமை?

மலேசியா 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையிலோ அதன் 1967ஆம் ஆண்டு நெறிமுறையிலோ கையெழுத்திடவில்லை. ஆகவே குடிநுழைவுச் சட்டத்தின் பார்வையில் அகதிக்கும் அனுமதி இல்லாதவருக்கும் வேறுபாடு இல்லை. வியட்நாமியப் படகு மக்கள் வந்து சேர்ந்த 1975ஆம் ஆண்டு முதல் ஐக்கிய நாடுகள் அகதிகள் ஆணையம் அங்கே இயங்குகிறது. அது வழங்கும் அட்டை ஒன்றே அகதியின் கவசம். பதிவு செய்தவர்கள் ஏறத்தாழ இரண்டு இலட்சம். பெரும்பான்மையினர் மியன்மாரிலிருந்து வந்த ரோஹிங்யாக்கள், சின் மக்கள் முதலியோர். இலங்கைத் தமிழர்களும் அவர்களிடையே உண்டு. அட்டை இருந்தால் அரசு மருத்துவமனையில் வெளிநாட்டாருக்கான கட்டணத்தில் பாதி குறையும். ஆனால் வேலை செய்ய அனுமதி இல்லை. பிள்ளைகள் அரசுப் பள்ளியில் சேர முடியாது. 2019 ஆகஸ்டிலிருந்து குடிநுழைவுத் தடுப்பு முகாம்களுக்குள் போகவும் ஆணையத்துக்கு வழி அடைக்கப்பட்டது. வேலை செய்யக் கூடாது என்று சொல்லப்பட்டவர்களும் சாப்பிட வேண்டுமே; மறைவாக வேலை செய்கிறார்கள், மறைவாக என்பதாலேயே குறைந்த கூலிக்குச் செய்கிறார்கள்.

தானே விரும்பி வந்தவரை 'கடத்தப்பட்டவர்' என்று எப்படிச் சொல்ல முடியும்?

2007ஆம் ஆண்டின் ஆள்கடத்தல் தடுப்புச் சட்டமே இதற்கு விடை வைத்திருக்கிறது: பாதிக்கப்பட்டவர் சம்மதித்தார் என்பது குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிர்வாதம் ஆகாது. ஏமாற்றியோ மிரட்டியோ ஒருவரைச் சுரண்டுவதே குற்றத்தின் உயிர்நாடி. மேலும், கடத்தப்பட்டவர் என்று உறுதியானால், அனுமதி இல்லாமல் நாட்டுக்குள் வந்ததற்காக அவர் மீது வழக்குப் போட முடியாது. ஆகவே முதல் நாள் விசாரணையில் ஒருவரை 'கடத்தப்பட்டவர்' என்று எழுதுகிறார்களா, 'குடியேறி' என்று எழுதுகிறார்களா என்பதில் அவருடைய தலையெழுத்தே இருக்கிறது. 2015 மே மாதத்தில் தாய்லாந்து எல்லையோரம் வாங் கெலியான் காட்டில் 28 கைவிடப்பட்ட முகாம்களும் 139 புதைகுழிகளும் கண்டுபிடிக்கப்பட்டபோதுதான், படகில் வந்த ரோஹிங்யாக்களை வழியில் அடைத்துவைத்துப் பணம் பறிக்கும் தொழில் எவ்வளவு பெரியது என்று நாட்டுக்கே தெரிந்தது.

தமிழ்நாட்டிலிருந்து போகிறவர் எதில் ஏமாறுகிறார்?

பெரும்பாலும் விசாவில். 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்கள் 30 நாட்கள் வரை விசா இல்லாமலே மலேசியாவில் நுழைய முடிகிறது. 'முதலில் டூரிஸ்டாகப் போய் இறங்குங்கள், பெர்மிட் அங்கே அடித்துத் தருகிறோம்' என்று ஏஜெண்ட் சொல்வது இதனால் இன்னும் எளிதாகிவிட்டது. சுற்றுலா நுழைவை வேலை அனுமதியாக மாற்றித் தருவோம் என்று வாக்களிப்பவரை நம்பிப் பணம் கட்ட வேண்டாம். பத்தாம் வகுப்பு தேறாதவரின் கடப்பிதழில் குடிபெயர்வுச் சோதனை தேவை என்ற குறிப்பு இருக்கும். அவர் வேலைக்காக மலேசியா செல்லக் குடிபெயர்வோர் பாதுகாப்பு அலுவலரின் ஒப்புதல் வேண்டும். பதிவு பெற்ற ஏஜெண்ட் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும் தவிர வேறு சேவைக் கட்டணம் வாங்கக் கூடாது. நிலத்தை அடகு வைத்து இரண்டு இலட்சம், மூன்று இலட்சம் என்று கொடுத்துவிட்டுப் போகிறவர், அங்கே எவ்வளவு கொடுமை நடந்தாலும் திரும்பி வரத் துணியமாட்டார். அவரைக் கட்டிவைக்கும் கயிறு ஊரிலேயே திரிக்கப்பட்டுவிடுகிறது.

வந்தவர்களுக்காகப் பேசினால் உள்ளூர் ஏழைகளின் கூலி குறையாதா?

கூலி குறைவது உண்மை. தோட்டங்களிலும் துப்புரவுப் பணியிலும் மலேசியத் தமிழர்கள் அதை நேரில் அனுபவித்தார்கள். அந்தக் கோபத்தைப் பொய் என்று தள்ளிவிட முடியாது. ஆனால் கூலியைக் குறைப்பது வந்தவரின் விருப்பம் அல்ல, அவரால் புகார் சொல்ல முடியாது என்ற நிலை. சட்டப்படியான கூலியை இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி கொடுத்தாக வேண்டும் என்றால், ஒருவரை நீக்கி மற்றவரை வைப்பதில் முதலாளிக்கு இலாபம் இல்லை.

புகார் கொடுக்கப் போகிறவர் கையில் என்னென்ன இருக்க வேண்டும்?

கடப்பிதழின் முதல் பக்கம், பெர்மிட் ஒட்டிய பக்கம், ஒப்பந்தம் ஆகிய மூன்றையும் வந்திறங்கிய அன்றே கைப்பேசியில் படம் எடுத்து வீட்டில் ஒருவருக்கு அனுப்பிவைக்க வேண்டும். பிறகு படம் எடுக்க அவை கையில் இருக்காது. ஏஜெண்டுக்குக் கொடுத்த பணத்துக்குச் சீட்டு, சீட்டு தராவிட்டால் வங்கி வழியே அனுப்பிய அத்தாட்சி. கடையின் பெயர்ப் பலகையும் முகவரியும் தெரியும்படி ஒரு படம். எல்லாவற்றையும்விடப் பயன்படுவது ஒரு சின்ன நோட்டுப் புத்தகம்: இன்ன தேதி, காலை எத்தனை மணிக்கு அடுப்பு பற்றவைத்தேன், இரவு எத்தனை மணிக்குக் கடை சாத்தினோம், சம்பளம் என்று எவ்வளவு கையில் கொடுத்தார்கள், எதற்கென்று பிடித்தார்கள். தமிழிலேயே எழுதலாம். ஆனால் அன்றன்றைக்கே எழுத வேண்டும். ஆறு மாதம் கழித்து ஒரே பேனாவில், ஒரே உட்காரலில் எழுதியது விசாரணை அதிகாரிக்குப் பார்த்தவுடனே தெரிந்துவிடும்.